இரண்டு டன் ஏ.சி.யும் எங்கள் அத்தையின் தலையணையும்

எங்கள் வீட்டில் கத்திரி வெயிலில் நடந்த கூத்தைக் கேளுங்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால், நாங்கள் கோட்டை விட்ட காசை நீங்களும் கோட்டை விட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்த நீண்ட கடிதம்.

எங்களுக்குக் கள்ளக்குறிச்சி. கீழே என் கணவரின் உரக்கடை, மேலே வீடு. வீட்டுக்கு மேலே வெறும் மொட்டை மாடிதான். சித்திரை, வைகாசியில் ராத்திரி பத்து மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் தோசைக்கல் மாதிரி சுடும். என் மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மூட்டு வலி என்பதால் மாடிப்படி இறங்க மாட்டார். அவருடைய அறை மேற்குப் பார்த்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி.

முந்தின வருஷம் கத்திரியில் ஒரு நாள் மத்தியானம் அத்தை மயக்கமாகிக் கட்டிலிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி, ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். "வயசானவங்களுக்குத் தாகம் எடுக்கிறதே சரியாத் தெரியாது. வேர்வையும் குறைஞ்சிடும். பகல் பூரா ஏறின சூடு ராத்திரியிலயாவது உடம்பை விட்டு இறங்கணும். ரூமை எப்படியாவது குளிர்ச்சியா வச்சுக்குங்க" என்றார் டாக்டர். அந்தப் பேச்சு என் கணவரின் மனதில் தைத்துவிட்டது. அடுத்த பங்குனி பிறந்ததுமே, "அம்மா ரூமுக்கு ஏ.சி. போட்டே ஆகணும்" என்று கிளம்பிவிட்டார். பணத்துக்கு எங்கே போவது? நான் இரண்டு வருஷமாகக் கட்டிவந்த ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தேன்.

கடையில் போட்ட கணக்கு

கடையில் இருந்தவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "ரூம் எவ்வளவு சார்?"

"பத்துக்குப் பன்னிரண்டு. மேலே மொட்டை மாடி. மேற்குப் பார்த்த ரூம்."

"அப்படின்னா ஒன்றரை கூடப் பத்தாது சார். ரெண்டு டன்னா போட்டுடுங்க. பெரிசா இருந்தா சீக்கிரம் ஜில்லுனு ஆயிடும், மெஷினுக்கும் சிரமம் இருக்காது."

கேட்பதற்கு நியாயமாகத்தானே இருக்கிறது? நாலு பேருக்குச் சமைக்கப் பெரிய குக்கர் வாங்கினால் நல்லதுதானே என்று நானும் தலையாட்டினேன். வந்து அறையை ஒரு தடவை பார்க்கச் சொல்லலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, இவருக்கும் தோன்றவில்லை.

ஏ.சி. வந்தது. மாட்டின அன்று தெருவே வந்து பார்த்தது. பத்து நிமிஷத்தில் அறை ஜில்லென்று ஆகிவிட்டது. "டக்" என்று மெஷின் நின்றது. கொஞ்ச நேரத்தில் புழுக்கம். மறுபடி "டக்" என்று ஓடியது. ஒவ்வொரு முறை ஓட ஆரம்பிக்கும்போதும் ஹாலில் லைட் ஒரு சிமிட்டு சிமிட்டும். எங்களுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது!

நாலைந்து நாளில் போர்வை, தலையணை எல்லாம் நமுத்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. அறையில் ஒரு ஈர வாடை. அத்தைக்கு இருமல் பிடித்துக்கொண்டது. காலையில் எழுந்தால் முழங்கால் மடங்கவில்லை. "எப்படி இருக்குது அத்தை?" என்று கேட்டால், "நல்லா ஜில்லுனு இருக்குதும்மா" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தேன். அத்தையின் அறைக் கதவு திறந்து கிடந்தது, கட்டில் காலி! பதறிப்போய்த் தேடினால், மொட்டை மாடிக்குப் போகும் படியின் திருப்பத்தில் வெறும் சிமெண்டுத் தரையில், தலையணையைச் சுவரில் சாய்த்து வைத்து அதில் சாய்ந்தபடி உட்கார்ந்திருக்கிறார். மூட்டு வலியோடு நாலு படி ஏறி வந்திருக்கிறார்.

"என்னா அத்தை இது?" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "சத்தம் போடாதம்மா, அவன் எழுந்திடப் போறான். ஒரு வாரமா இப்படித்தான். உள்ளார படுத்தா எலும்புக்குள்ள ஈரம் ஏறுது. நிறுத்தினா மூச்சு முட்டுது. எனக்காக அவ்வளவு காசு போட்டு வாங்கியிருக்கான். பிடிக்கலன்னு எப்படிச் சொல்லுவேன்?"

எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது. அவருக்காக வாங்கின சாமானே அவரை அறையை விட்டு விரட்டியிருக்கிறது. அதைச் சொல்லக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

அதே வாரத்தில் இன்னொன்று. பிளக்கிலிருந்து பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். கழற்றிப் பார்த்தால் பிளக்கின் ஒரு கால் கரிப்பிடித்துப்போயிருந்தது. முன்பு ஹீட்டருக்கு என்று போட்ட பழைய ஒயரிங்கில் அப்படியே சொருகிவிட்டோம். இன்னும் ஒரு வாரம் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

அக்கா மகன் வந்தான்

என் அக்கா மகன் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னையில் ஏ.சி. சர்வீஸ் வேலை பார்க்கிறான். போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்துவிட்டான். மெஷினைத் திறப்பான் என்று பார்த்தால், டேப்பை எடுத்து ஜன்னலை அளக்கிறான், மொட்டை மாடிக்குப் போய்த் தளத்தைத் தொட்டுப் பார்க்கிறான்!

"சித்தி, வெளியே டிரெயின் குழாய்ல தண்ணி சொட்டுதா?"

"எப்பவாச்சும் நாலு சொட்டு."

"அங்கதான் விஷயமே இருக்குது. ஏ.சி. காத்தை மட்டும் குளிர வைக்கிறதில்ல. காத்துல இருக்கிற ஈரத்தையும் பிழிஞ்சு வெளியே ஊத்தணும். அதுக்கு மெஷின் நிறுத்தாம ஓடணும். உங்க மெஷின் பத்து நிமிஷத்துல ரூமைக் குளிர வச்சிட்டு நின்னுடுது. ஈரம் அப்படியே தங்கிடுது. அதான் ஜில்லுனும் இருக்குது, பிசுபிசுன்னும் இருக்குது. இது மெஷின் கோளாறு இல்ல. அளவுக் கோளாறு."

அப்புறம்தான் "டன்" என்றால் என்ன என்று விளக்கினான். நான் அதை மெஷினின் எடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! ஏ.சி. வராத காலத்தில் ஐஸ்தான் குளிர்ச்சிக்கு வழி. சென்னை கடற்கரைச் சாலையில் திருவல்லிக்கேணிப் பக்கம் விவேகானந்தர் இல்லம் இருக்கிறதல்லவா? அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். அமெரிக்காவில் ஏரியில் உறைந்த பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து சேமித்து வைக்க 1842-ல் கட்டினதாம். ஒரு டன் பனிக்கட்டி இருபத்துநாலு மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ, அதுதான் ஒரு "டன்". அமெரிக்க டன் என்பதால் 907 கிலோ கணக்கு. நம் பாஷையில் சொன்னால் ஒரு டன் ஏ.சி. ஏறக்குறைய 3,500 வாட் சூட்டை அறையிலிருந்து அள்ளி வெளியே கொட்டும். இரண்டு டன் என்றால் 7,000 வாட்.

"அப்போ கேள்வி என்னா சித்தி? ரூம் எவ்வளவு பெரிசுங்கிறது இல்ல. இந்த ரூமுக்குள்ள எவ்வளவு சூடு வருதுங்கிறதுதான். மளிகைச் சிட்டை போடற மாதிரி போட்டுப் பாப்பமா?" என்றான். நான் நோட்டும் பேனாவும் எடுத்து வந்தேன். கத்திரி வெயிலில் சாயங்கால நேரத்துக்கு அவன் சொல்லச் சொல்ல எழுதினது இதோ:

மொட்டை மாடித் தளம் – 1,200 வாட்
மேற்குச் சுவர் – 400 வாட்
இன்னொரு வெளிச்சுவர் – 200 வாட்
மேற்கு ஜன்னல் கண்ணாடி, நாலுக்கு நாலு அடி – 600 வாட்
ஆள் இரண்டு பேர் – 200 வாட்
லைட், ஃபேன், டி.வி. – 150 வாட்
கதவு இடுக்கு, ஜன்னல் இடுக்கில் வரும் வெளிக்காற்று – 400 வாட்

கூட்டினால் 3,150 வாட். ஒரு டன் கூட முழுசாக இல்லை! இதெல்லாம் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராது, ஆகவே இதுவே தாராளமான கணக்கு என்றான். நாங்கள் மாட்டி வைத்திருந்ததோ 7,000 வாட்.

ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தாலே பழைய 100 வாட் குண்டு பல்பு எரிகிற அளவுக்குச் சூடு விடுவாராம்! கல்யாண வீட்டில் ஏ.சி. ஓடியும் ஏன் வேர்க்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

மெஷினுக்கு முன்னால் மொட்டை மாடி

"இந்தச் சிட்டையில எது பெரிய செலவு, பாருங்க சித்தி" என்றான். முதல் வரிதான். தளம்! அவன் சொன்னான்: கத்திரியில் மத்தியானம் சிமெண்டுத் தளத்தின் மேல்பக்கம் 60 டிகிரியைத் தாண்டிக் காயும். அந்தச் சூடு மெதுவாகக் கான்கிரீட்டுக்குள் இறங்கி, சாயங்காலமும் ராத்திரியும் நம் தலைமேல் கொட்டும். அதனால்தான் சூரியன் மறைந்த பிறகும் நமக்குப் புழுங்குகிறது.

முன்பெல்லாம் தளம் போட்டதும் அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, மேலே தட்டோடு பதிப்பார்கள். எங்கள் வீட்டைக் கட்டும்போது, "அதெல்லாம் வேணாங்க, வெறும் சிமெண்டு பூச்சு போதும், செலவு மிச்சம்" என்று கொத்தனார் சொன்னார், விட்டுவிட்டோம். அன்றைக்கு மிச்சம் பிடித்ததை இன்றைக்குக் கரண்டு பில்லாகக் கட்டுகிறோம்.

இப்போது என்ன செய்வது? இரண்டு வேலை செய்தோம். முதலாவது, மொட்டை மாடியைக் கழுவிக் காயவிட்டு வெள்ளை அடித்தோம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்டு இதற்கென்றே கடையில் கிடைக்கிறது. வசதி இல்லாதவர்கள் நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு பூச்சு அடித்தாலும் பலன் உண்டு, வருஷா வருஷம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். தூசி படிந்தால் பலன் குறையும், கத்திரிக்கு முன்னால் ஒரு தடவை கழுவிவிடுங்கள். இரண்டாவது, மேற்கு ஜன்னலுக்கு வெளியே கீற்றுத் தட்டி கட்டினோம். திரைச்சீலை உள்ளே போட்டால், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதானே தடுக்கிறோம்? வெளியிலேயே தடுத்தால் சூடு வாசலோடு போய்விடும்.

சிட்டையைத் திருத்தினோம். தளம் 1,200 என்பது 600 ஆனது. ஜன்னல் 600 என்பது 200 ஆனது. மொத்தம் 2,150 வாட். முக்கால் டன்னுக்கும் குறைவு!

இதெல்லாம் ஏதோ புதுசு இல்லை. மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பு 2018-லேயே குடியிருப்பு வீடுகளுக்கென்று ஒரு விதிமுறை நூல் கொண்டுவந்தது. சுவர், தளம், ஜன்னல் வழியே சூடு இவ்வளவுக்கு மேல் உள்ளே வரக் கூடாது என்பதுதான் அதில் முக்கியம். தமிழ்நாடு அரசும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்துவிட்டது. புயல், வெள்ளம் மாதிரி வெயிலும் உயிரை எடுக்கும் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட பிறகு, வீட்டுக்கு மேலே இருக்கிற தளத்தை நாம் கவனிக்காமல் இருக்கலாமா?

இரண்டு டன் மெஷினை என்ன செய்தோம் என்கிறீர்களா? தெரிந்த ஒருவர் கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டின அறைக்கு எடுத்துக்கொண்டார். பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே கிடைத்தது. போன காசு போனதுதான். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏ.சி. வாங்கினோம். இன்வெர்ட்டர் என்றால் தேவைக்குத் தகுந்தபடி வேகத்தைக் குறைத்துக்கொண்டு நிற்காமல் ஓடும். அதற்காக இன்வெர்ட்டர்தானே என்று பெரிசாக வாங்கக் கூடாதாம். அதற்கும் ஒரு குறைந்தபட்ச வேகம் உண்டு, அதற்குக் கீழே போக முடியாமல் அதுவும் நின்று நின்றுதான் ஓடும்.

இந்த முறை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மெயின் போர்டிலிருந்து தனி ஒயர், தனி பிரேக்கர், நல்ல எர்த் எல்லாம் போட்ட பிறகுதான் மாட்டினோம். டிரெயின் குழாய்க்குக் கீழே ஒரு பக்கெட் வைத்தேன். புழுக்கமான ராத்திரியில் விடிவதற்குள் பாதி பக்கெட் நிரம்பியிருக்கிறது! அந்த ஈரமெல்லாம் முன்பு அத்தையின் போர்வையில் இருந்ததுதான்.

சின்னதும் தப்புதான்

இதைப் படித்துவிட்டு, "அப்போ எல்லாருக்கும் ஒரு டன் போதும்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எங்கள் எதிர்வீட்டில் ஹாலுக்கு ஒரு டன் போட்டார்கள். ஹாலும் சமையல் கட்டும் ஒரே திறப்பு, மாடிப்படியும் அதற்குள்ளேயே. அந்த மெஷின் பாவம், விடிய விடிய ஓடியும் குளிரவில்லை. பில் மட்டும் ஏறினது. அங்கே தேவைப்பட்டது படிக்கட்டுக்கு ஒரு கதவு. அதைப் போட்ட பிறகு சமாளிக்கிறது.

ஏ.சி. வாங்க வசதி இல்லை, ஏர்கூலர்தான் என்பவர்களுக்கும் கணக்கு உண்டு. அறைக்காற்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் 1,200 கன அடி. அதற்கு மணிக்கு 1,000 கன மீட்டர் காற்று தள்ளும் கூலர் போதும், பெட்டியிலேயே போட்டிருக்கும். ஆனால், ஏ.சி.க்கு ஜன்னலை மூடுகிற மாதிரி கூலருக்கும் மூடிவிட்டால் அறை குளியலறை மாதிரி ஆகிவிடும். கூலர் ஒரு பக்கம், திறந்த ஜன்னல் எதிர்ப் பக்கம். நம் ஊரில் சித்திரையின் காய்ந்த வெயிலுக்குத்தான் அது எடுபடும். ஐப்பசிப் புழுக்கத்துக்குப் பிரயோஜனம் இல்லை.

மலையில் வேறு கதை

இந்தச் சிட்டை நோட்டு மார்கழியில் மறுபடியும் உதவும் என்று நான் நினைக்கவே இல்லை.

என் தங்கை கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் டீச்சராக இருக்கிறாள். எங்கள் ஊரிலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை எல்லாம் தாண்டி மலை ஏற வேண்டும். இரண்டாயிரம், மூவாயிரம் அடி உயரம். கீழே நாங்கள் ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்குகிற மார்கழியில், அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்கே பனி இறங்கிவிடும். அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து இருபது நாள். வாடகை வீடு, கான்கிரீட் தளம். ராத்திரி குழந்தையின் கை கால் சில்லிட்டுப் போகிறது என்று பயந்து, "அக்கா, 2,000 வாட் ரூம் ஹீட்டர் வாங்கி அனுப்பு. அதுவரைக்கும் ராத்திரி ஒரு சட்டியில தணல் போட்டு ரூமுக்குள்ள வைக்கலாம்னு சொல்றாங்க" என்று போன் பண்ணினாள்.

"தணலைத் தொடவே தொடாதே!" என்று கத்திவிட்டேன். மூடின அறையில் கரித்தணல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தூங்குகிறவர்கள் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். கொடைக்கானல், ஊட்டிப் பக்கம் இப்படி உயிர் போன செய்திகளை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

அக்கா மகனுக்குப் போன் போட்டுச் சிட்டை போட்டோம். பத்துக்குப் பத்து அறை. வெளியே 14 டிகிரி, உள்ளே 24 வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். வித்தியாசம் பத்து டிகிரிதான். கத்திரியில் எங்கள் தளத்துக்கு மேலும் கீழும் முப்பது டிகிரிக்கு மேல் வித்தியாசம்! ஆகவே தளம் வழியாக 325 வாட், சுவர்கள் வழியாக 420, இடுக்குக் காற்றில் 170. மொத்தம் 915 வாட். அதற்கு 1,000 வாட் ஹீட்டர் போதுமே! மலையில் சாயங்காலம் வோல்டேஜ் படுத்துவிடும், வாடகை வீட்டு ஒயரிங்கும் பழசு. 2,000 வாட்டைப் போட்டிருந்தால் எங்கள் பிளக் கருகின கதைதான் அங்கேயும் நடந்திருக்கும்.

நெருப்பு தெரியாத, எண்ணெய் நிரப்பின ஹீட்டராக ஒன்றை நானே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கதவுக்குக் கீழே பழைய சாக்கைச் சுருட்டி வைத்தோம். உடைந்த ஜன்னல் கண்ணாடிக்கு அட்டை வைத்து அடைத்தோம். காற்றுக்கென்று மேலே ஒரு சின்ன வெண்டிலேட்டரை மட்டும் திறந்தே விட்டோம். ஹீட்டரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்காமல் எதிர் மூலையில் வைத்தோம். குழந்தைக்குக் குல்லா, சாக்ஸ். மற்றபடி தாயின் நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்வதைவிட நல்ல ஹீட்டர் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

குழந்தையைப் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்தார். மலையாளி இனத்து மூதாட்டி. அவருடைய வீட்டுக்கு என்னையும் கூட்டிப்போனார். மூங்கில் தட்டியில் மண் பூசின சுவர், சாணம் மெழுகின தரை, கனமாக வேய்ந்த புல் கூரை. குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே போனால், பனிக்குளிர் வாசலோடு நின்றுவிட்டது! "வெயில்காலத்துல எப்படி இருக்கும் பாட்டி?" என்றேன். "அப்பவும் இப்படித்தான். மவனுக்குத் தொகுப்பு வீடு குடுத்திருக்காங்க. அது வெயிலுக்கு வெயிலு, பனிக்குப் பனி. ராவுல அவனும் இங்கதான் வந்து படுக்கிறான்" என்று சிரித்தார்.

புல் கூரைக்குள் அடைபட்டிருக்கிற காற்று, வெளிச்சூட்டை உள்ளே விடாது, உள்சூட்டை வெளியே விடாது. இரண்டு வேலைக்கும் ஒரே கூரை! அதற்காக நாம் எல்லோரும் புல் கூரைக்குப் போக முடியாது. வருஷா வருஷம் வேய வேண்டும், தீப்பயம் உண்டு, மழைக்கு ஒழுகும். அந்தப் பாட்டிக்கும் அந்தக் கஷ்டமெல்லாம் இருக்கிறது. ஆனால், புதுசாக வீடு கட்டுகிறவர்கள் தளத்தின்மேல் சூடு தாங்கும் ஒரு அடுக்கு போட மறக்க வேண்டாம்.

கடைக்குப் போகும் முன்

தோழியரே, நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சும்மா தருகிறேன்:

1. அறையை வந்து பார்க்காமல் "இத்தனை டன்" என்று சொன்னால் நம்பாதீர்கள். மேலே மொட்டை மாடியா, இன்னொரு வீடா? ஜன்னல் எந்தத் திசை? எத்தனை பேர் படுப்பார்கள்? இந்த மூன்றையும் கேட்காதவர் கணக்குப் போடவில்லை என்று அர்த்தம். கீழ்த்தளத்து அறைக்கும் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறைக்கும் ஒரே அளவாக இருந்தாலும் ஒரே மெஷின் கிடையாது.

2. முதலில் தளத்துக்கு வெள்ளை, ஜன்னலுக்கு வெளித்தட்டி, கதவுக்கு இடுக்கு அடைப்பு. அதற்கப்புறம் மெஷின்.

3. "ஒரு டன்" என்ற எழுத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஸ்டார் லேபிளில் குளிர்விக்கும் திறன் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். அதைப் பாருங்கள். ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள், ஆகவே லேபிள் எந்த வருஷத்துக்கானது என்றும் பாருங்கள்.

4. 18 டிகிரியில் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது தவறு. அதே வேகத்தில்தான் குளிரும், நிற்க மட்டும் நேரமாகும். 2020-லிருந்து ஸ்டார் லேபிள் ஏ.சி.கள் போட்டதுமே 24 டிகிரியில் தொடங்கும்படி செய்திருக்கிறார்கள். எங்கள் அத்தைக்கு 26-ம், மெதுவாக ஓடும் ஃபேனும் சரியாக இருக்கிறது.

5. தனி ஒயர், தனி பிரேக்கர், எர்த் இல்லாமல் ஏ.சி.யோ ஹீட்டரோ மாட்டாதீர்கள். ஈ.பி.யில் உங்கள் இணைப்புக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று பார்த்து, தேவையானால் கூட்டிக்கொள்ளுங்கள்.

6. கீசருக்கும் இதே கணக்குதான். ஒரு பக்கெட், அதாவது 20 லிட்டர் தண்ணீரை இருபது டிகிரி சூடேற்ற அரை யூனிட் கரண்டு ஆகிறது. இரண்டு பேர் குளிக்க 25 லிட்டர் கீசரை நாள் பூராவும் போட்டு வைக்காதீர்கள்.

7. வாங்கினவர் மனசு கோணுமே என்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததைச் சொல்லாமல் இருக்காதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், "எப்படி இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். ராத்திரி ஒரு தடவை எழுந்து அவர்கள் எங்கே படுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஏழாவதை என் கணவரிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு ராத்திரி அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். காலையில் அத்தை என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "ஏ.சி. சத்தமே இல்லம்மா. இவன் குறட்டைதான் தாங்கல!"

— ஒரு வாசகி, கள்ளக்குறிச்சி.